ஒன்பது, மறுபடியும் ஒன்பது

லிமோஜ் தாண்டியதும் பெல்ட் கீச்சிடத் தொடங்கியது.
கிரீட் ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள்.
வண்டியின் நோய்க்கு
என் அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.
துலூஸில் பிறந்த எங்கள் மௌனத்துக்கு
அப்போது மூன்று மணி நேர வயது.

வலென்சியாவில் அம்மாவுக்குக் கல்யாணம்.
அவளுக்கு எழுபத்தொன்று. இது மூன்றாவது.
மாப்பிள்ளை ரமீரோ, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடினார்.
கிரீட் அழுதாள், நான் சிரித்தேன்.
இரண்டில் எது அவமரியாதை என்று
எல்லையைத் தாண்டியும் வாதாடிக்கொண்டிருந்தோம்.
கென்ட் இன்னும் எழுநூறு கிலோமீட்டர்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம்.
சோளம், வளைவு, சோளம்,
ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம்.
பிறகு எதிரே வந்து நின்றது ஊர்,
எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டு.
திங்கட்கிழமை.
முடி திருத்தும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால்
மூன்று பொம்மைத் தலைகள் மட்டும்
நாங்கள் யாரென்று பார்த்தன.

விடுதிக்காரர் பார்போத்தான்
கம்பளிச் செருப்பில் தேய்த்துத் தேய்த்து வந்தார்.
உள்ளே டிவியில் சைக்கிள் பந்தயம்.
மலையேறுகிறவர்களைத் தனியே விட மனமில்லாமல்
தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி,
"ஒரு அறைதான் இருக்கு. கட்டிலும் ஒண்ணுதான்."
சகோதரிகள் என்றேன்.
அது உங்கள் கஷ்டம் என்று அவர் சொல்லவில்லை,
சாவியை நீட்டிய விதம் சொன்னது.

சதுக்கத்தில் விழித்திருந்தது
பீட்சா இயந்திரம் ஒன்றே.
பன்னிரண்டு யூரோவை விழுங்கி, மூன்று நிமிடம் உறுமி,
சூடான அட்டைப்பெட்டியைத் துப்பியது.
போர் நினைவுத் தூணின் படியில் உட்கார்ந்து தின்றோம்.
தூணில் பார்போத்தான் என்ற பெயர்
ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு முறை.
கிரீட் விரலால் எண்ணினாள், ஒன்றும் சொல்லவில்லை.
பீட்சாவின் விளிம்புகளை என் பக்கம் தள்ளினாள்.
சின்ன வயதிலிருந்தே அவை எனக்குத்தான்.

கோயில் மணி அடித்தது.
"எட்டு" என்றாள்.
"ஒன்பது" என்றேன்.
மூன்று மணி நேரத்தில் எங்கள் முதல் பேச்சு.
அதுவும் சண்டையாகிக்கொண்டிருந்தபோது
மணி மறுபடியும் தொடங்கியது,
முதலிலிருந்து, நிதானமாக, ஒன்பது.

அடுத்த பீட்சாவுக்காக மொபெட்டில் காத்திருந்த பையன்
தலையைத் திருப்பாமலே சொன்னான்:
"எப்பவும் அப்படித்தான்.
ரெண்டாவது தடவை, நம்பாதவங்களுக்கு."

கட்டிலின் நடுவில் ஒரு பள்ளம்.
யார் எந்த ஓரத்தில் படுத்தாலும்
நள்ளிரவுக்குள் இருவரும் அதில் உருண்டுவிட்டோம்.
பன்னிரண்டு. மறுபடியும் பன்னிரண்டு.
ஒன்று. மறுபடியும் ஒன்று.
அவள் குதிகால்கள் பனிக்கட்டி.
இரண்டு.
மறுபடியும் இரண்டு.

"மூணாவது தடவை அடிச்சா," என்றாள் இருட்டில்,
"நானே ஏறிப்போய்க் கயித்த அறுத்துடுவேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அம்மாவச் சொல்லல."
கட்டில் முதலில் லேசாகக் குலுங்கியது,
பிறகு பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை.
அவள் சிரித்தாளா அழுதாளா
என்று நான் கேட்கவில்லை.
என்னையும் அவள் கேட்கவில்லை.

காலையில் பார்போத்தானின் மைத்துனர்
பெல்ட்டை மாற்றிவிட்டு
பழையதைப் பையில் போட்டுத் தந்தார்,
பிடுங்கிய பல்லைத் தருவதுபோல.
கல்யாண கேக்கில் மிச்சமிருந்த பாதியை
வரவேற்பு மேசையில் வைத்தோம்.
நேற்று யார் ஜெயித்தது என்று கேட்டேன்.
"தூங்கிட்டேன்" என்றார் பார்போத்தான், அவமானத்தோடு.

வண்டி இப்போது சத்தமே போடவில்லை.
ரேடியோ வேண்டியிருக்கவில்லை.
ஓர்லேயான் வரை கிரீட் பேசிக்கொண்டே வந்தாள்.
அதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை.