ஒன்பதாவது படி

ட்ரொண்ட்ஹைமில் இரவு இரண்டு மணி.
படகுத்துறைக் காத்திருப்புக் கூடம், இரண்டாம் ஆண்டு.
நடுவர்கள் கைதட்டிய வெட்டுப்படத்தைத்
திரையில் நான்கு மடங்கு பெரிதாக்குகிறேன்.
ஒன்பதாவது படியில்
உத்திரம் நெற்றிக்கு நேரே நிற்கிறது.

இரண்டு வருடமாக
ஆட்கள் அதில் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்,
ஒருவருக்கும் தலை இடிக்காமல்.
அவர்களை நான்
குள்ளமாக வரைந்திருந்தேன்.

நிழலைக் கொஞ்சம் நகர்த்தினால் மறைந்துவிடும்.
பெர்கன் அலுவலகத்தில் யார் ஸ்கேல் வைத்து அளக்கப்போகிறார்கள்?
இருபது பக்கம், பத்து மெகாபைட்,
அவர்கள் கேட்டது அவ்வளவே.

முதலில் மரங்களை அழித்தேன்.
அந்தக் கரையில் அத்தனை மரம் ஏது?
பிறகு ஆரஞ்சு வானம்.
பிறகு சைக்கிள் தள்ளும் சிறுமி;
என் எல்லாக் கட்டடங்களுக்கும் வந்துபோகிறாள், பாவம்,
எந்த ஊர்ப் படத்திலிருந்து வெட்டியெடுத்தேனோ.
'ஒளியும் வெளியும் உரையாடுமிடம்' என்ற வரி போனபோது மட்டும்
சற்றே வலித்தது.

இரவுப் பேருந்தை ஓட்டி முடித்து வந்த ஸ்வெர்ரே
கையுறையோடு எட்டிப் பார்த்தான்.
"ஈர பூட்ஸை எங்கே வைக்கிறது?"
கேட்டுவிட்டு
சூப்பைச் சூடாக்கப் போய்விட்டான்.

உத்திரம் இப்போது நாற்பது சென்டிமீட்டர் உயரம் ஏறிவிட்டது.
அதனால் கூரையும்.
அதனால் எல்லாரும் மெச்சிய அந்த ஜன்னல் இல்லை.
சுவரோரம் ஒரு பலகை, அடியில் நீர் வடிய லேசான சரிவு.

பழைய படத்தை
எதிர்ப்பக்கத்தில் விட்டுவைத்தேன்,
ஒன்பதாவது படியில் சிவப்பு வட்டமிட்டு.
புதியதில் ஒரே ஓர் ஆள்,
ஸ்வெர்ரேயின் உயரத்தில்,
காலுறையோடு மேலே போகிறான்.

பலகையில்
பூட்ஸ் சொட்டுகிறது.