மஞ்சள் மாறாத குழிகள்

ஏதென்ஸ் என்றதும் ஊரில் எல்லோரும்
கிரேக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
ஓஹாயோ என்று திருத்தினால் பேச்சு மாறிவிடும்.

ஹாக்கிங் ஆற்றோரம் செப்டம்பரில்
பாவ்பாவ் தானே உதிரும்.
பெயர்தான் அப்படி, பப்பாளிக்கு உறவில்லை.
சீத்தாவின் தங்கை,
பனிக்கு வாக்கப்பட்டு வந்து
மேலெல்லாம் இருந்த கண்களைத் தொலைத்து
வழுவழுப்பாகிவிட்டவள்.
விதை மட்டும் இன்னும் பிறந்தவீட்டு விதை.

டெல்பர்ட் சுள்ளிகளை ஒடித்துத்
தீவனச் சாக்கில் கட்டிவந்து தருவார்.
உலர்த்தி, இடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து
வடித்து வடித்து
கடைசியில் குப்பியடியில் மெழுகாய் ஒரு திட்டு.
பன்னிரண்டு மில்லிகிராம்.
ஐந்தாறு கொசுவின் எடை.

அணுவுக்குள் இழைமணி என்று ஒன்று
பள்ளிப் புத்தகத்தில் வந்ததே,
நகைக்கடைப் பெயர் மாதிரி இருக்கிறதென்று சிரித்தோமே,
அதன் உலைவாசலில் முதல் நொதி நிற்கிறது,
மின்னணுக்களை வாங்கிக் கைமாற்றிவிட.
நீள வால் உள்ள இந்த மெழுகு
அதன் உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம் கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை.
அடுப்பு அணையும்.
நிறையத் தின்கிற வீடு முதலில் பட்டினியில் விழும்.
புற்று, நிறையத் தின்கிற வீடு.
நம்பிக்கை இவ்வளவுதான், ஒரு வரியில் முடியும்.
ஏழு வருடமாக அதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்டில் ஒருநாள்
தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு
இந்த இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்ன என்று
தரையிடம் கேட்டார் டெல்பர்ட்.
மார்லீனுக்குக் கணையத்தில்.
மருத்துவரைக் கேளுங்கள் என்றேன்.
அது பதிலில்லை என்று
தரைக்கும் தெரிந்திருக்கும்.

இன்றிரவு தட்டில் தொண்ணூற்றாறு குழி.
மேல் வரிசைகளில் யாரோ ஒருத்தியின் கணையப் புற்று,
அவள் போய் நாற்பது வருடம்,
அது இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது.
கீழ் வரிசைகளில் எலிக்குஞ்சின் நரம்பணுக்கள்,
ஒரு பாவமும் அறியாதவை.
இடமிருந்து வலமாக, பத்திக்குப் பத்தி
மருந்து இரட்டிக்கும்.
மஞ்சள் சாயம் சொட்டினால்
மூச்சுள்ளவை அதை ஊதாவாக்கும்,
மூச்சில்லாதவை அப்படியே விட்டுவிடும்.
தாலிக்கயிற்றின் நிறம் இங்கே சாவுக்கு.
எத்தனை தட்டு பார்த்தாலும்
அந்த இடத்தில் கை ஒரு நொடி நிற்கிறது.

நான்கு மணி நேரம்.
கரைப்பான் கையுறையைத் தாண்டி
நாக்கில் பூண்டாய் மணக்கிறது.
நடைவழியில் தரை துடைப்பவரின் ரேடியோவில்
யாரோ தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே, ஐந்தாம் பத்தியிலிருந்து மஞ்சள்.
செத்தது! என்றேன் வாய்விட்டு.
ஆளில்லாத அறையில் அந்தச் சொல் நன்றாக இருந்தது.

கீழே, ஆறாம் பத்தியிலிருந்து மஞ்சள்.

திண்டுக்கல் விடுதியில் பேனுக்குச்
சீத்தா விதை அரைத்துத் தலையில் அப்புவார்கள்.
கண்ணைத் திறக்காதே என்று வார்டன் கத்துவாள்.
பிலோமினா திறந்தாள்.
நாலு நாள் இரண்டு கண்ணும் ரத்தப்பழம்.
பேனும் செத்துத்தான் இருந்தது,
அதில் குறையில்லை.

கொல்வதற்கும் கொன்றுவிடுவதற்கும் நடுவே
ஒரே ஒரு குழி.
ஒன்பது மில்லிமீட்டர்.
அதற்குள் மார்லீனைப் படுக்கவைக்க இடம் தேடுகிறேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
திரும்பச் செய்யவும், வாலைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கவும்.

காலையில் வண்டி வந்து நின்றது.
சாக்கோடு ஒரு காகிதப் பை,
மார்லீன் கொடுத்தனுப்பியது, மூன்று பழம்.
வாழையா மாம்பழமா என்று முடிவெடுக்காத வாசனை.
ராத்திரி என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை.
நகராமல் நின்றார்.

விதையை மட்டும் துப்பிவிடச் சொல்லுங்கள் என்றேன்.

அறுபது வருடமாய்த்
துப்பிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று
சாக்கின் முடிச்சை அவிழ்த்தார்.