பக்கத்து வீட்டானைவிட நான் மேல்

எனுகு நகரத்தில் சின்ன ஜெனரேட்டருக்கு இதுதான் பெயர்.
கம்பெனி வைத்ததல்ல, தெரு வைத்தது.
ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.
ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு,
உரென்மாவின் ஐஸ்பெட்டியில் பாதி டைட்டஸ் மீன்
நாறாமல் இருக்கும்.
மீதிப் பாதி அவள் தலையெழுத்து.

நான் அதைப் பிரித்து மாட்டுகிறவன்.
கடை இருக்கும் பேட்டைக்குப் பெயர் நிலக்கரி முகாம்.
சல்லடை போட்டுத் தேடினாலும்
ஒரு கைப்பிடிக் கரி தேறாது.

கரி எங்கே என்றால்
எல்லாரும் மேற்கே கை நீட்டுவார்கள்,
உடி மலைக்கு அடியில்.
எவ்வளவு என்றால் ஆளுக்கொரு எண்,
எல்லாம் பூஜ்யத்தில் முடியும்.

ஏன் கிடக்கிறது?
எண்ணெய் வந்துவிட்டது என்றார் தபால் ஆபீஸ்காரர்,
அது தானாகப் பீறிட்டு வரும்,
கரிக்கு முதுகு கொடுக்க வேண்டும்.
உரிமம் வாங்கியவன் அதை இன்னொருவனுக்கு விற்றான்,
அவன் மூன்றாமவனுக்கு.
காகிதத்தைத் தோண்டியே காசு வந்தபோது
கடப்பாரை எதற்கு?
தண்டவாளம் எடைக்குப் போயிற்று.
யாரைக் குறை சொல்ல,
என் வெல்டிங் மேஜைக்கு நான்கு கால்களும் அதுதான்.

சுரங்க வாசலில் இன்னும் காவல் இருக்கிறான் ஒசோஎமெனா,
பதினோரு மாதச் சம்பளம் பாக்கி.
பூதம் காத்த புதையல் என்பார்களே,
இந்தப் பூதத்துக்கு மூட்டுவலி.
"உள்ளே கழுத்தளவு தண்ணீர்" என்றான் ஒரு ராத்திரி.
"இறைக்க பம்பு வேண்டும்.
பம்புக்குக் கரண்ட் வேண்டும்.
கரண்டுக்கு..."
நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.
சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
டார்ச்சை நீட்டி,
கடையில் சார்ஜ் ஏற்றித் தர முடியுமா என்றான்.

போன ஹர்மட்டான் புழுதிக் காலத்தில்
அபுஜாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
ஓட்டல் மண்டபத்தில் கூட்டம்.
மேஜை நடுவே கண்ணாடிப் பெட்டி,
உள்ளே தேங்காயளவு ஒரு கரித்துண்டு,
அது தெரிய அதன் தலைக்குமேல் குட்டி பல்பு.
திரையில் டன் கணக்கு ஏறிக்கொண்டிருந்தபோது
பொசுக்கென்று எல்லாம் போயிற்று.
ஓட்டல் ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்தது.
எனக்கு ஆள் விட்டார்கள்.

கார்புரேட்டரில் மண். நான்கு நிமிட வேலை.
நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.
உள்ளே செல்போன் வெளிச்சத்தில்
முகவாய்கள் மட்டும் தெரிந்தன.
யாரோ ஒருவர், எண்ணைத் தொடரலாமா என்று
இருட்டிலேயே கேட்டார்.
கயிற்றை இழுத்தேன்.
முதலில் எரிந்தது அந்தக் குட்டி பல்புதான்.
கை தட்டினார்கள்.
கரிக்கா எனக்கா, தெரியவில்லை.
கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் கரண்ட் வந்தால் தெருவே கத்தும்:
"அப் நேபா!"
நேபா என்ற வாரியம் கலைந்து வருஷக்கணக்காகிறது,
கூச்சலுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.
நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது.
சுவருக்குச் சுவர் சத்தம்.
குளியலறையிலிருந்து ஒருவன், தொட்டிலிலிருந்து ஒன்று,
என் மகள் சோம்கெனே பாதித் தூக்கத்தில்.
அவளுடைய பள்ளிக் கட்டணம்
நான் பார்க்கும் இருட்டிலிருந்து வருகிறது.
வெளிச்சம் இப்படியே நின்றுவிட்டால்,
ஒரு நாள், ஒரு மாதம்...
விரல் தானாக எண்ணத் தொடங்கியது.
நானும் கத்தினேன்.
என் குரல் மட்டும்
எல்லாரும் ஓய்ந்த பிறகு கேட்டது.

காலையில் கடை திறக்குமுன்
உரென்மா நின்றுகொண்டிருந்தாள்,
கையில் ஜெனரேட்டர், முந்தானையில் மீன் வாடை.
"மறுபடி போச்சு."
தண்டவாளக் காலை உதைத்து
மேஜையை நேராக்கினேன்.
உட்கார் என்றேன்.