பதினாறு மடங்கு

மின்சாரம் போய்விட்டது.
ஊசிப்பம்பு நின்ற இடத்திலேயே நின்றது.
சிலிக்கோன் துண்டுக்குள், மயிரிழை அகல வழியில்
பாதித் தூரம் போன நீலம்
யோசித்துக்கொண்டிருக்கிறது.

அறிவியல் நகரில் வைகாசி வெயில்.
வெளியே கிரவல் லொறிகள்.
யன்னலுக்கு நுளம்புவலை கட்டி, அதன்மேல் ஈரத்துணி போட்டும்
தூசி வருகிறது.
ஒன்று போதும்,
மூன்று நாள் வேலை போக.

பவதாரணி எங்கிருந்தோ
சேலைன் கம்பியொன்றை இழுத்துவந்தாள்.
பம்பிலிருந்து ஊசிக்குழலைக் கழற்றி
அதில் தலைகீழாகக் கட்டினாள்.
"உயரம் காணும்" என்றாள்.
ஒரு சாண் உயர்த்த
நீலம் நகர்ந்தது.

இன்னொரு வாயிலால் சிவப்பை விட்டோம்.
இரண்டும் ஒரே வழியில் தோளுரசிப் போயின,
கலக்கவில்லை.
இவ்வளவு ஒடுக்கத்தில் தண்ணீருக்குச் சுழிக்கத் தெரியாது.

ஒரு துளி கிணற்றுநீர்
எட்டாகப் பிரிந்து எட்டுக் குழிக்குள் போய்
எட்டு மருந்தைத் தொடவேண்டும்:
புளோரைட்டு, நைத்திரேற்று, இரும்பு, மிச்சம்.
முதல் மூன்று குழி நிரம்பி வழிந்தது.
எட்டாவது, காய்ந்த கண்.

நேற்றிரவு அப்பா கோல் எடுத்தார்.
வட்டக்கச்சியில் எங்கள் வயல் கடைசி வாய்க்காலில்.
"தண்ணி வரேல்ல. நாலு நாளாச்சு."
கூட்டத்தில் எல்லாரும்
தலைப்பில் இருக்கும் அரியகுட்டியரைப் பார்த்தார்களாம்.
அவர் கோயில் பக்கம் கை நீட்டிச் சொன்னாராம்:
"ஒரு மணித்தியாலமும் கூட எடுக்கேல்ல."

நான் நம்புகிறேன்.
விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்கு
என்று கொப்பியில் எழுதி
இரண்டு கோடும் கீறி வைத்திருக்கிறேன்.
மண் வாய்க்காலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது,
தெரியும்.
ஆனாலும் முதலாம் குழி யாரிடமும் களவெடுக்கவில்லை.
அது கிட்ட இருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "அப்ப கீறினவனைக் கேள்" என்றார்.

இங்கே கீறியது நான்.

இரவிரவாகப் படத்தை அழித்தேன்.
ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக, நாலு எட்டாக,
எந்தக் குழிக்கும் ஒரே தூரம்.
கிட்ட இருந்த குழிக்குப் போகும் வழியை
வேண்டுமென்றே பாம்புபோல் சுற்றவிட்டேன்.
இதை வயலில் கீறினால்
அரியகுட்டியர் மண்வெட்டியோடு வருவார்,
அதுவும் நியாயம்தான்.

அடுத்த கிழமை புது அச்சு.
அன்றும் மின்சாரம் போனது.
அதே சேலைன் கம்பி, அதே சாண்.
ஐந்து, ஆறு, எட்டு,
பிறகு ஒன்று, இரண்டு,
ஏறக்குறைய ஒன்றாகத்தான் நீலமாயின.
ஏழில் மட்டும் ஒரு காற்றுக்குமிழி
வாசலில் குந்திக்கொண்டு அசையவில்லை.
பவதாரணி நகத்தால் தட்டினாள்.
இன்னொருமுறை.
இன்னொருமுறை.

கரண்ட் வந்தது.
எதிலும் பொருத்தாத பம்பு
தன்பாட்டில்
காற்றைத் தள்ளத் தொடங்கியது.