பதின்மூன்றாவது ஆள்

பன்னிரண்டு பேர் பாலைவனத்துக்குப் போனார்கள்.
நான் பதின்மூன்றாவது.
யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும்
என் பெயர் பட்டியலில் ஏறும்.

எழுபத்தொன்பதாம் வருடம்.
பெடோக் பக்கம் கடலைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள்.
லாரி லாரியாய்க் கொட்டிய மணலில்
மரமில்லை, நிழலில்லை,
எவருடைய முகவரியும் இல்லை.
ஒத்திகைக்கு இது போதும் என்றார் மெண்டோசா சார்.
சனிக்கிழமைதோறும் நடந்தோம்.
முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி,
இரண்டு போத்தல் தண்ணீர்.
இரண்டாவதை மாலைவரை தொடக் கூடாது.
ஸ்வீ லெங் முதல் மணியிலேயே திறந்தாள்.
நான் திறக்கவே இல்லை.
வீட்டுக்குச் சுமந்துவந்து
தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

தமிழ் வகுப்பில் ஐந்திணை ஓடிக்கொண்டிருந்தது.
பாலைக்கென்று சொந்த நிலம் கிடையாதாம்,
மழை பொய்த்தால் எந்த நிலமும் பாலையாம்.
தேர்வில் எழுதினேன்:
எங்கள் தீவில் நெய்தலும் பாலையாகும்,
லாரி வந்தால்.
அரை மதிப்பெண் போயிற்று.

பாய லேபார் விமான நிலையத்தில்
வழியனுப்பப் போனேன், சீருடையில்.
சட்டைப்பையில் கடப்பிதழ்,
யார் கண்டது.
ஹஸ்னா ஒருமுறை தும்மினாள்.
என் நெஞ்சு துள்ளிய துள்ளலை
நாற்பத்தைந்து வருடமாக
ஒருவரிடமும் சொன்னதில்லை.
வெறும் தும்மல்தான் அது.

பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பினார்கள்.
நாளிதழில் படம் வந்தது:
இந்தத் தீவிலிருந்து பாலைக்குப் போன முதல் பள்ளி.
பன்னிரண்டு பேருக்கும் உதடு வெடித்திருந்தது.
ஹஸ்னா ஒரு ஃபிலிம் டப்பாவில்
சிவப்பு மணல் கொண்டுவந்து தந்தாள்.
மோந்து பார்த்தேன்.
பழைய ஆணியின் வாசம்.

நாங்கள் நடந்த இடத்தில் இப்போது கொண்டோ.
என் மகள் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள்.
பேரன் நீச்சல் குளத்தில் குதிக்கும்போதெல்லாம்
கணுக்கால் தானாகத் தேடுகிறது,
புதைகிற அந்த மணலை.

போன வாரம் ஸ்வீ லெங் அழைத்தாள்.
பள்ளியில் விருந்தாம்,
பயணத்தில் போனவர்களுக்கு மட்டும்.
நீயும் வா, யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள்.
யாருக்காவது காய்ச்சல் வந்தால் சொல், வருகிறேன் என்றேன்.

சிரித்தாள்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
பிறகு, ஏனோ, மெதுவாகச் சொன்னாள்:
அங்கேயும் அந்த இரண்டாம் போத்தலை
முதல் மணியிலேயே திறந்துவிட்டாளாம்.
மீதி நாளெல்லாம் நடந்தது
அடுத்தவர் தண்ணீரிலாம்.