குடலிறக்கம்

கொட்டாஞ்சேனையில் ஏறிய பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி மனனம் செய்தேன்:
ஒட்டமி என்றால் திறப்பது.
எக்டமி என்றால் வெட்டி எடுப்பது.
ஒஸ்டமி என்றால் வாய் வைப்பது.
இறங்கும்போது மூன்றும் குழம்பி
யாரோ ஒருவரின் வயிற்றில்
தேவையில்லாமல் வாய் வைத்திருந்தேன்.

கட்டிலில் அங்கமுத்து.
நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமி.
முப்பது வருஷம் சீனி, பருப்பு, வெங்காயம்.
வலது தொடையிடுக்கில் கோழிமுட்டை அளவு வீக்கம்.
இருமச் சொன்னேன். இருமினார்.
முட்டை அசையவில்லை.

"முன்னெல்லாம் படுத்தா உள்ள போயிரும்.
நேத்து ராத்திரியிலேர்ந்து
வீட்டுக்குப் போவ மாட்டேங்குது."

ரெடியூசிபிள், இர்ரெடியூசிபிள்:
என் கொப்பியில் அதற்கு ஒன்பது வரி.

கட்டிலின் கால்மாட்டில் நின்று
டொக்டர் அமரதுங்க ஒரே சொல் சொன்னார்:
இன்கார்சரேட்டட்.
ஹிருணி எழுதிக்கொண்டாள்.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
தமிழ் என் பொறுப்பு என்பதால்.

"உங்கட குடல்... சிறைப்பட்டிருக்கு, ஐயா."

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
"என்ன கேஸு?"

சிரிக்கிறாரா, தெரியவில்லை.

"எனக்கு ஐடென்டிட்டி கார்ட் இல்லாத கேஸு.
வெலிக்கடையில பதினோரு மாசம்.
இதுக்கு எவ்வளவு?"

இன்றிரவே, என்றேன்.

"பெயிலா?"

இல்லை, ஒப்பரேஷன்.

தோல். கொழுப்பு.
செத்துப்போன வெள்ளைக்காரர் பெயரில் இரண்டு படலம்.
தசையின் பளபளத்த வெண்பட்டை.
அதற்கடியில் பை. பைக்குள்
நாவற்பழ நிறத்தில் ஒரு விரல்நீளக் குடல்.

ரிசெக்‌ஷன், அனஸ்டமோசிஸ்:
மனனம் செய்த சொற்கள்
தள்ளுமுள்ளாய் வாசலுக்கு வந்துவிட்டன.
டொக்டர் அமரதுங்க கேட்டதோ
சூடான சேலைன் நனைத்த துணி.
சுற்றினார். கையை எடுத்தார்.

ஐந்து நிமிடம்.
மணிக்கூட்டைப் பார்ப்பது என் வேலை,
கொக்கியை இழுத்துப் பிடிப்பதும்.
பெருவிரல் மரத்துப்போனது.
யாரும் பேசவில்லை.
இப்படிச் சும்மா நிற்பதற்கு
எந்த விகுதி?

துணியை விலக்கினார்.
நாவல், ஜம்பு நிறமாகியிருந்தது.
அதன்மேல் ஒரு நெளிவு ஓடி,
நின்று,
மறுபடி ஓடியது.

"வயபிள்" என்றார்.
விரல் நுனியால் உள்ளே அனுப்பினார்.
நுளம்புவலைத் துண்டு போல ஒரு வலை வைத்து
வாசலை அடைத்தோம்.

மூன்றாம் நாள்
சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டார்:
"மூட்டை எப்பத் தூக்கலாம்?"

ஆறு கிழமை போகட்டும்.
அதற்குப் பிறகும் பாரமில்லாததாய்ப் பார்த்து.

"பாரமில்லாத மூட்டை
எந்தக் கடையில இருக்குங்க?"

எனக்குத் தெரியவில்லை.
டிஸ்சார்ஜ் கார்டின் கடைசிப் பெட்டியில்
எல்லோரும் எழுதும் சொல்லை எழுதினேன்:
அன்ஈவென்ட்ஃபுல்.
என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.
விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, என்றேன்.

தலையாட்டி, நான்காய் மடித்து,
ஐடென்டிட்டி கார்டுக்குப் பின்னால்
அதைச் சொருகிக்கொண்டார்.