அதே நீலம்

மேலப்பாளையத்தில் என் கடை.
ஏழு வருசத்துக்கு முன் ஒட்டியது:
'முப்பிடாதி – அல்போன்ஸ் போர்வெல்ஸ்',
லாரிக் கதவில், நீலத்தின் மேல் மஞ்சள்.

அன்று ரெண்டு பேருக்கும் அவசரம்.
நான்தான், மையின் வாடை போகட்டும் என்று
ஒரு நாள் முழுக்கக் காயப்போட்டேன்.
பிறகுதான் லேமினேஷன்.
எழுத்தெழுத்தாக, மூலை வளைத்து வெட்டினேன்;
கூர்மூலையைத்தான் பணகுடிக் காற்று முதலில் கிள்ளும்.
ஸ்பிரிட் தொட்டுக் கதவைத் துடைத்தேன்,
அல்போன்ஸ் சாய்ந்து நின்ற எண்ணெய்த் தடம் உட்பட.

இன்றைக்கு முப்பிடாதி மட்டும் வந்தார்.
"அந்தப் பேரை எடுத்துரும் வே."
காரணம் கேட்கவில்லை.

ஹீட் கன் பிடித்தேன். வரமாட்டேன் என்றது.
நகம் போனது.
'அ' வந்தது, பிய்ந்து பிய்ந்து.
பசையை மண்ணெண்ணெயில் கரைத்தேன்.
"நல்லா ஒட்டித் தொலைச்சிருக்கீரு" என்றார்,
பாராட்டா ஏச்சா தெரியவில்லை.

கதவு முழுக்க வெயிலில் வெளுத்திருந்தது.
ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும்
வாங்கிய அன்றைய நீலம்,
அல்போன்ஸ் என்று
எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி.

உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.
பெயிண்டுக்கு எவ்வளவு ஆகும் என்றார்.
சொன்னேன்.
லாரியில் ஏறி
கொஞ்ச நேரம் கிளப்பாமல் இருந்தார்.